எண்பத்தேழா, எழுபத்துமூன்றா?

என் சண்டைக்காரிக்கு,

இன்று காலை மாதிரிப் பெட்டி ஒன்று வந்தது. புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையின் டிரைவர் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். டேப்பை அறுத்துப் பழுப்புத் தாளைப் பிரித்ததும் அந்த வாசனை கிளம்பியது. துருப் பிடிக்காமல் இருக்க இரும்பில் பூசி அனுப்புவார்களே, அந்த எண்ணெய். உனக்கு அது வாசனை, எனக்கு நாற்றம். அதில்கூட நமக்கு ஒத்துப்போனதில்லை. உள்ளே உன் பிரியமான எஃகு பிளேட்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இருந்தன. ஒன்றை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரலெல்லாம் பிசுபிசுத்தது. நீயாக இருந்தால் அதே விரலோடு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருப்பாய். "கையக் கழுவுடி மொதல்ல" என்று நான் கத்தியிருப்பேன்.

உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. போன மாதம் உன் பேருக்கு ஓர் ஆபத்து வந்தது. வந்து, போயும்விட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வேறு யாரிடமாவது சொல்லலாம் என்றால், முதலில் நாம் என்ன வேலை செய்கிறோம் என்பதிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கப்பலில் சரக்கு வரவழைப்பவர்களுக்காகச் சுங்கத்துறைக்கு விவரம் எழுதிக் கொடுப்பது நம் பிழைப்பு. உலகத்தில் உள்ள எந்தப் பொருளுக்கும் அந்தத் தடித்த புத்தகத்தில் ஓர் எண் உண்டு. உயிருள்ள ஆடு மாட்டில் ஆரம்பித்துச் சுவரில் மாட்டும் ஓவியத்தில் போய் முடிகிற புத்தகம். வந்திருக்கும் பொருள் எது, அதற்கு எந்த எண், அந்த எண்ணுக்கு என்ன வரி என்பதைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். அந்தப் படிவத்தைப் பாரம் என்போம். எழுதியவர் பேர் அதில் இருக்கும். எண் தப்பாகப் போனால் அந்தப் பேரைத்தான் தேடி வருவார்கள். வெளியாள் கேட்டால் கொட்டாவி விடுவான். நாமோ இதற்காக ஆயர் குரோ ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து குரல் கம்மும்வரை சண்டை போட்டிருக்கிறோம்.

ஒரே வயது, ஒரே வருடம் சேர்ந்தவர்கள். யாரும் யாருக்கும் அடங்கவில்லை. புதுச் சரக்கு எது வந்தாலும் நீ ஓர் எண்ணைச் சொன்னால் நான் எதிர்க்க வேண்டும், நான் சொன்னால் நீ எதிர்க்க வேண்டும். அது நீ போட்ட சட்டம். எனக்கு உன் எண்ணே சரி என்று பட்டாலும் விடமாட்டாய். "சரின்னு சொல்றதுக்கா சம்பளம் வாங்குறே? எதிர்த்துப் பேசு லா" என்று பேனாவால் மேசையைத் தட்டுவாய். "நம்மளே அடிச்சிக்கிட்டா வெளியாளு வந்து அடிக்க மாட்டான்" என்பாய். பாஸ் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். சுங்க எண்ணைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு கதவை மூடிக்கொள்வார்.

கையில் தொட்டுப் பார்க்காமல் எந்தப் பொருளுக்கும் நீ எண் போட்டதில்லை. விலைப்பட்டியலில் என்ன எழுதியிருந்தாலும் நம்ப மாட்டாய். மாதிரி அனுப்பச் சொல்லித் தொழிற்சாலைக்காரர்களைப் படுத்தி எடுப்பாய். அப்படி வந்து சேர்ந்ததுதான் நம் மகா யுத்தத்துக்குக் காரணமான அந்தத் தகடு. டிஸ்க் பிரேக் பேடுக்கு முதுகாக இருக்கும் எஃகுத் தகடு. புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை அதை வெளிநாட்டிலிருந்து வெறுந்தகடாக வாங்கி, உராய்ந்து வண்டியை நிறுத்தும் லைனிங்கை இங்கே அதன்மேல் ஒட்டிப் பேட் செய்கிறது. அப்படியானால் கப்பலிலிருந்து இறங்கும்போது அது என்ன? எழுபத்துமூன்றாம் அத்தியாயத்தில் வரும் எஃகுச் சாமானா, எண்பத்தேழில் வரும் வாகனத்தின் பிரேக் பாகமா?

நான் எழுபத்துமூன்று என்றேன். "இத வச்சு ஒரு சைக்கிளக்கூட நிப்பாட்ட முடியாது. லைனிங் இல்லாம இது என்னா பிரேக்கு? வெறும் இரும்பு."

நீ தகட்டைத் தூக்கி என் மூக்குக்கு நேராகப் பிடித்தாய். "ஓரத்துல நீட்டிக்கிட்டு நிக்கிற இந்தக் காதப் பாரு. இந்த ஓட்டையப் பாரு. எதுக்கு லா இப்படி அளவெடுத்து வெட்டிருக்கான்? பிரேக்கத் தவிர இது வேற எங்கயாச்சும் போயி உட்காருமா? எண்பத்தேழு."

அந்தத் தொழிற்சாலை உன் பொறுப்பில் இருந்தது. ஆகவே உன் முடிவே நின்றது. ஒவ்வொரு முறையும் எண்பத்தேழு என்றே உன் பேரில் போனது. வாகனப் பாகம் செய்கிற தொழிற்சாலை என்பதால் பிரேக் பாகங்களுக்கு அவர்களுக்கு வரிச் சலுகை வேறு இருந்தது. வெறும் எஃகுச் சாமான் என்றால் அந்தச் சலுகை கிடையாது. அதனாலேயே நான் பயந்தேன். "சலுகைக்காகப் போட்டேன்னு சொல்லிடப் போறாங்கடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒன்றில் மட்டும் நான் ஜெயித்தேன். அதே தொழிற்சாலைக்குப் பிரேக் ஷூவை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங்குகளும் வந்தன. அதையும் நீ எண்பத்தேழில் போடப் போனாய். நான் புத்தகத்தைத் தூக்கி உன் விசைப்பலகைமேல் போட்டேன். போல்ட், நட்டு, ஸ்பிரிங் போன்ற பொதுச் சாமான்கள் காரில் மாட்டுவதாக இருந்தாலும் காரோடு சேராது, அவற்றின் சொந்த எண்ணுக்குத்தான் போக வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தது. நீ மூன்று தரம் படித்தாய். உதட்டைக் கடித்தாய். பிறகு, "சரி. ஸ்பிரிங்கு உனக்கு, பிளேட்டு எனக்கு" என்றாய், ஏதோ பாகப்பிரிவினை செய்கிற மாதிரி. அன்று முதல் ஒரே பெட்டியில் வந்தாலும் ஸ்பிரிங்கைத் தனியாகப் பிரித்து எழுபத்துமூன்றில் எழுதினாய். சலுகை போய்விட்டதே என்று தொழிற்சாலைக்காரர் போன் போட்டுக் கத்தினார். நீ ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தாய்.

இப்படியெல்லாம் பிரேக்குக்காகச் சண்டை போட்ட நீ, உன் காரின் பிரேக்கைப் பார்த்ததே இல்லை. தினமும் காலையில் என்னை ஏற்றிக்கொள்ளப் புக்கிட் காத்திலில் என் வீட்டு வாசலில் நீ வண்டியை நிறுத்தும் சத்தத்தில் அக்கம்பக்கத்து நாயெல்லாம் குரைக்கும். "கத்துதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பாய். கடைசியில் நானே உன்னைப் பட்டறைக்கு இழுத்துப் போனேன். பட்டறை அண்ணன் சக்கரத்தைக் கழற்றிப் பேடை வெளியே எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. லைனிங் சுத்தமாகத் தேய்ந்து, தகடு மட்டும் மிச்சம் இருந்தது.

"என்னா தங்கச்சி இது? இரும்போட இரும்பு உரசுது. எப்படி ஓட்டுனீங்க?"

எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமா! "கேட்டுக்க. லைனிங் போனா இரும்புதான். அண்ணனே சொல்லிட்டாரு."

"இந்த இரும்புதான்டி உன்னைய இத்தன நாளா ஆபீஸ் வாசல்ல நிப்பாட்டுச்சு. கும்பிட்டுக்க" என்றாய் நீ. அந்தத் தேய்ந்த தகட்டைத் துணியில் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாய். அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" என்று கேட்டார். "இல்லண்ணே, இவ எதிர்க்கட்சி" என்றாய். அந்தத் தகடு ரொம்ப நாள் உன் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருந்தது.

உன் அப்பாவைப் பற்றி அந்தக் காரில்தான் சொன்னாய். ஜாசினுக்கு அந்தப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டியவர். சம்பள நாளில் ஆபீஸ் ஜன்னல் முன்னால் நின்று மைப் பெட்டியில் கட்டைவிரலை அமுக்கி வைப்பாராம். வீட்டுக்கு வந்ததும் அந்த மையைச் சவுக்காரம் போட்டுத் தேய்ப்பாராம், விருந்தாளி யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. "எங்கப்பா கைநாட்டு. என் பேரு போட்டு ஒரு பாரம் போர்ட் கிள்ளான் வரைக்கும் போவுதுன்னா சும்மா இல்ல லா" என்றாய். நீ அப்படி நேராகப் பேசிக் கேட்டதே அபூர்வம்.

பிறகு உனக்கு அந்தக் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது மெலிந்து, கழுத்து எலும்பு தெரியப் படுத்திருந்தாய். போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். நர்ஸ் வந்து கட்டிலை நகர்த்தி, காலால் ஒரு கட்டையை மிதித்துச் சக்கரத்தைப் பூட்டிவிட்டுப் போனாள். நீ கண்ணைத் திறந்தாய்.

"இந்தப் பிரேக்க எதுல போடுவே?"

"கட்டிலோட சேந்து வந்தா கட்டில்தான். தனியா வந்தா சக்கரத்துக்குப் போவும்" என்றேன்.

"அப்ப கட்டிலோட சேந்து வந்திருக்கேனே, நானும் கட்டிலா?"

சிரித்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "அலாமாக், இதுக்கு ஏன்டி அழுவுறே? எதிர்த்துப் பேசு" என்றாய். உன்னை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றாவது சொல்லியிருக்கலாம். உன்னிடம் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. மறு வாரம் நீ போய்விட்டாய்.

இனி சேதிக்கு வருகிறேன்.

நீ போன பிறகு வந்த முதல் மாசி மகம் முடிந்து ஆபீஸ் திறந்த அன்று, சுங்கத்துறையிலிருந்து ஆடிட்டுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. பழைய பாரங்களைத் திருப்பிப் பார்ப்பார்களாம். எதை என்று பார்த்தால், புக்கிட் ரம்பாய் பிளேட்டுகள். எஃகுச் சாமானைப் பிரேக் பாகம் என்று எழுதிச் சலுகை வாங்கிக் கொடுத்ததாகச் சந்தேகம். அத்தனை பாரத்திலும் இருந்தது உன் பேர்.

பாஸ் என்னை உள்ளே கூப்பிட்டார். மனுஷனுக்கு வேர்த்திருந்தது. உனக்குத்தான் தெரியுமே, கெட்டவர் கிடையாது, பயந்தவர். லைசென்ஸ் போய்விட்டால் நம் எல்லோருக்கும் வேலை இல்லை.

"அது அந்தப் பொண்ணு தெரியாமப் போட்டதுன்னு சொல்லிடலாம்மா. நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடலாம். இல்லாதவங்களப் போயி யாரு கேக்கப் போறா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "தெரியாமப் போட்டாளா? அவளா? தெரிஞ்சுதான் பாஸ் போட்டா. நான் எதுத்து எதுத்துப் பேசுனேன், அப்பவும் போட்டா."

"அப்ப அது தப்புன்னு நீயும்தான சொன்னே?"

சொன்னேன்தான். வருடக்கணக்காகச் சொன்னேன். உன் பேரை விட்டுக்கொடுக்க அந்த அறையிலேயே நல்ல சாட்சி நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் முன்னால் நின்ற உன் அப்பா ஞாபகத்துக்கு வந்தார். "அவ போட்டதுக்கு நான் பதில் சொல்றேன் பாஸ். நீங்க சும்மா பக்கத்துல உட்காருங்க, போதும்" என்றேன்.

ஆடிட்டுக்கு வந்தவர் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி, புவான் என்று கூப்பிட்டேன். நம் வயதுதான் இருக்கும். மரியாதையானவர், வேலை தெரிந்தவர். என் மேசையிலிருந்த தகட்டை எடுத்தார், திருப்பினார், விரல் நுனியில் எண்ணெய் பட்டதும் டிஷ்யூ கேட்டார். பிறகு மலாயில் நிதானமாகக் கேட்டார்: "லைனிங் இல்லாமல் இது எந்த வண்டியையும் நிறுத்தாது. இதை எப்படிப் பிரேக் பாகம் என்கிறீர்கள்? இது எழுபத்துமூன்று இல்லையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வார்த்தைக்கு வார்த்தை என் கேள்வி! பழக்கதோஷத்தில் தலையை ஆட்டப் போனேன். உன் காலி நாற்காலி கண்ணில் பட்டது. ஆட்டவிருந்த தலையை நிறுத்திக்கொண்டேன்.

பேச ஆரம்பித்ததும் என்ன நடந்தது தெரியுமா? என் வாயிலிருந்து வந்ததெல்லாம் நீ. "இந்தக் காதைப் பாருங்கள், புவான். பிரேக்கின் பிடியில் உட்காருவதற்கென்றே வெட்டியது. இந்த ஓட்டைகளைப் பாருங்கள். ஒட்டும்போது லைனிங் இதற்குள் புகுந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இதை வேறு எங்கே மாட்ட முடியும், சொல்லுங்கள்." தகட்டை அவர் மூக்குக்கு நேராகப் பிடிக்காததுதான் குறை. வாகனத்துக்கென்றே ஆன பாகம் வாகனத்தோடுதான் போகும், பொதுச் சாமான்கள் மட்டுமே விலக்கு, அந்த விலக்கில் இந்தத் தகடு இல்லை என்று புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். லைனிங் தேய்ந்தாலும் கடைசிவரை வண்டியை நிறுத்துவது இதுதான் என்று பட்டறைக் கதையையும் சொன்னேன். எதிர்த்துப் பேசிப் பேசியே உன் நியாயம் முழுவதும் எனக்கு மனப்பாடமாகியிருக்கிறது. பாஸ் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

புவான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பாரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இந்த ஸ்பிரிங்குகளும் பிரேக்குக்குத்தானே வந்தன? ஒரே பெட்டியில் வந்திருக்கின்றன. இதை மட்டும் ஏன் எழுபத்துமூன்றில் பிரித்துப் போட்டிருக்கிறார்?"

"ஸ்பிரிங் பொதுச் சாமான், புவான். விதிப்படி பிரித்தாள்."

"இதற்குச் சலுகை கிடையாதே."

"கிடையாது. தொழிற்சாலைக்காரர் திட்டினார். அப்படியும் பிரித்தாள்."

புவான் அடுத்த பாரத்தைப் பார்த்தார். அதிலும் ஸ்பிரிங் தனி. அதற்கடுத்ததிலும் தனி. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சலுகைக்காக எழுதுகிறவர் இதையும் சேர்த்தே எழுதியிருப்பார்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "கவனமானவர். இப்போது எங்கே வேலை செய்கிறார்?" என்று கேட்டார்.

நீ இறந்துவிட்டாய் என்று சொன்னேன். புவான் தகட்டை மெதுவாகக் கீழே வைத்தார். உன் பேரை வாய்விட்டு ஒருமுறை படித்தார், சரியான உச்சரிப்புக்கு என்னிடம் கேட்டுக்கொண்டு.

போன வாரம் எழுத்தில் பதில் வந்தது. உன் எண் அப்படியே நிற்கிறது. திருத்தம் இல்லை, அபராதம் இல்லை, உன் பேரில் ஒரு கீறல்கூட இல்லை. பாஸ் இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணப் பத்தி அப்படிச் சொல்லிருக்கக் கூடாதும்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு எண்பத்தேழும் புரியவில்லை, எழுபத்துமூன்றும் புரியவில்லை. "என் மக பேரு நல்லாருக்குல்ல? அது போதும்" என்றார். எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார்.

அந்தத் தொழிற்சாலை இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. இன்று வந்த மாதிரியைப் பார்த்து அடுத்த சரக்குக்கு நானே பாரம் எழுதினேன். என் பேர், உன் எண். எழுதி முடித்ததும் வழக்கம்போல யாராவது எதிர்ப்பார்கள் என்று கொஞ்சம் காத்திருந்தேன். ஆபீஸில் எல்லோரும் இப்போது நான் சொன்னால் சரி என்கிறார்கள். கேட்கவே பிடிக்கவில்லை.

தகட்டு விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி என்று புவானிடம் சொன்னேன். பாஸிடம் சொன்னேன், உன் அம்மாவிடம் சொன்னேன், டிவி பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடமும் சொன்னேன். உன்னிடம் மட்டும் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால் நமக்குள் பேசுவதற்கு அப்புறம் என்ன இருக்கிறது? இன்றைக்கும் காரில் தனியாக வரும்போது உனக்கு எதிராக ஒரு புது நியாயம் தோன்றியது. நல்ல நியாயம், சுலபத்தில் உன்னால் மடக்க முடியாது.

நான் இன்னும் எழுபத்துமூன்றுதான்டி. எதிர்த்துப் பேசு லா.